மதிலுக்கு அந்தப்பக்கக் குழி

உங்கள் வீட்டு செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது அள்ளினீர்கள்? திருவனந்தபுரத்தை அடுத்த காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் பலருக்கு நினைவிருக்காது. ‘கட்டினதிலிருந்து மூடியைத் திறந்ததே இல்லை’ என்று பெருமையாகச் சொல்வோரும் உண்டு. இத்தனை வருடமாகியும் தொட்டி நிறையவில்லை என்றால், உள்ளே போனது எங்கேயோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

செப்டிக் டேங்க் தண்ணீரைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளோடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். குழிக்கும் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்வது அதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சென்ட் என்றால் சுமார் 200 சதுர மீட்டர். சதுர மனையானால் பக்கத்துக்கு 14 மீட்டர். அதற்குள் வீடு, கிணறு, குழி. கிணற்றை ஒரு மூலைக்கும் குழியை எதிர்மூலைக்கும் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். மதிலுக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர் குழி எங்கே இருக்கிறது? அவரும் தன் கிணற்றை விட்டுத் தள்ளித்தான் தோண்டியிருப்பார், நம் கிணற்றுக்குப் பக்கத்தில்.

நகரத்தில் வேறு வழி உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அருகே முட்டத்தறையில், 2013 முதல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. அதற்கு முன் நகரத்துச் சாக்கடையை அந்தப் பகுதியில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள்.

இப்படிப்பட்ட நிலையங்களில் பெரும்பாடு படுவது நுண்ணுயிர்கள். குப்பையைச் சல்லடையில் தடுத்து, மணலை இறக்கிய பின், பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்துவார்கள். காற்று கிடைத்ததும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகி, திரள்திரளாகச் சேர்ந்து, கனத்து அடியில் இறங்கும். அந்தச் சேற்றில் ஒரு பங்கு மறுபடி தொட்டிக்கே போகும், பாலுக்கு உறை ஊற்றுவது போல. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட உத்தி இது. இதே விருந்து ஆற்றில் நடந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு தீர்ந்துபோய் மீன் செத்து மிதக்கும்.

நம் கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. முட்டத்தறைக்கும் நமக்கும் இருக்கிற ஒரே குழாய் டேங்கர் லாரிதான். வீடுகளில் அள்ளிய கசடை லாரிகள் அங்கே கொண்டுபோய் இறக்கலாம். ஆனால் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவானேன் என்று, இருட்டில் ஓடையில் திறந்துவிட்டுப் போகிற லாரிகளும் உண்டு. ஓடையில் விட்டது நெய்யாற்றில் சேரும். அந்த ஆறு பூவாறில் கடலைத் தொடும் முன் எத்தனையோ ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரமோ, 100 மில்லி லிட்டரில் ஒரு ஈ.கோலி கிருமிகூட இருக்கக் கூடாது என்கிறது.

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ளுங்கள். கிணற்றில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்கி விடுங்கள். லாரிக்குக் கூலி பேசும்போது, “அண்ணே, இதை எங்கே கொண்டுபோய் ஊத்துவீங்க?” என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், எவ்வளவு குறைந்த கூலியானாலும் வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.