மருந்து முந்தியா, கத்தி முந்தியா?



வழமையாக இந்த நேரத்தில் வருமானவரிப் படிவம், ஓய்வூதியம், சிறு வியாபாரக் கணக்கு என்று பேசுபவன் நான். இன்று வேறு ஒரு விடயம். மார்புப் புற்றுநோய் என்று தெரிந்த பின்னர் முதலில் சத்திரசிகிச்சையா, முதலில் கீமோதெரப்பியா என்பதே அது. நான் வைத்தியன் அல்லன், படித்தது வணிகம். என் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அதன் பிறகு தேடி வாசித்ததையுமே சொல்லப் போகிறேன். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "பேரைச் சொல்லாதை. மற்றதெல்லாம் சொல்லு. நீ செய்ததையும் சேர்த்துச் சொல்லு" என்றார். ஆகவே அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2022 செப்டெம்பர். அக்காவுக்கு அப்போது 63 வயது. ஊரில் ஆசிரியையாக இருந்தவர். லண்டனுக்கு வந்து 25 வருடங்களுக்கு மேலாகியும் ஆங்கிலம் கடைக்கும் பஸ்சுக்கும் போதுமான அளவுதான். இடது மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவைக் கேட்கப் போன நாளில், மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். "நான் இருக்கிறேன்தானே" என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

வைத்தியர் ஆறுதலாக விளக்கினார். கட்டி 34 மில்லிமீற்றர். கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணு ஒன்றிலும் நோய் இருக்கிறது. கட்டி ஹேர்-2 என்ற புரதம் அதிகமுள்ள வகை. சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், ஸ்கான் நிபுணர், நோயியல் நிபுணர் எல்லோரும் வாராந்தக் கூட்டத்தில் இருந்து பேசி, முதலில் கீமோதெரப்பியும் ஹேர்-2 மருந்துகளும், பிறகு சத்திரசிகிச்சை என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு தடவை, ஏறக்குறைய 18 கிழமைகள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் அக்காவுக்குச் சொன்னது ஒரே வசனம்: "கட்டிக்கு மருந்து குடுக்கப் போயினமாம்." புற்றுநோய் என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவேயில்லை.

பிறகு வைத்தியரோடு வாதாடத் தொடங்கினேன். நாலு மாதத்துக்கு மேல் கட்டியை உள்ளே வைத்திருப்பதா? சத்திரசிகிச்சை செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்டதா? காசு கட்டி வெளியில் செய்தால் உடனே வெட்டலாமா? பத்து நிமிடம் நானும் அவரும் பேசினோம். அப்போது அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, என்ரை உடம்பைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் இங்கிலிசிலை கதைக்கிறியள். எனக்கும் கொஞ்சம் சொல்லன்."

நேயர்களே, அந்த இடத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த மார்புநோய்ப் பராமரிப்புத் தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்பு; இந்தத் தடவை தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று ஒழுங்கு செய்தார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ரொறொன்ரோவில் இருந்து ஒரு குரல்: "முதல்லை வெட்டி எறியச் சொல்லுங்கோ." பாரிசில் இருந்து இன்னொன்று: "கத்தி பட்டால் பரவும்." ஊரில் இருந்து மூன்றாவது: "ஒப்பரேசன் செய்ய ஏலாத ஆக்களுக்குத்தான் மருந்தை முதல்லை குடுக்கிறவை." மூவரும் அன்பினால்தான் சொன்னார்கள். அக்கா மூன்றையும் கேட்டுவிட்டு இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தார்.

மூன்றாவது குரலில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. தொடக்கத்தில், உடனே வெட்ட முடியாத பெரிய கட்டிகளைச் சுருக்குவதற்காகவே மருந்தை முதலில் கொடுத்தார்கள். இன்றும் மார்பு முழுவதும் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோய்க்கு மருந்துதான் முதலில். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், புற்றுநோய் இருந்த இடத்தில் இருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற வழியைக் கொண்டுவந்தார். பல தசாப்தங்களாக உலகமே அதைப் பின்பற்றியது. பிற்ஸ்பர்க் நகரத்து பேர்னார்ட் ஃபிஷர் அதை மறுத்தார். கட்டி கண்டுபிடிக்கப்படும்போதே நுண்ணிய கலங்கள் இரத்தத்தோடு வேறிடம் போயிருக்கலாம். ஆகவே கத்தி மட்டும் போதாது, உடல் முழுவதும் போகும் மருந்தும் வேண்டும் என்றார். அப்படியானால் மருந்தை முதலில் கொடுத்தால் கூடுதல் உயிர்களைக் காக்கலாமா? அதைப் பார்க்க அவருடைய குழு 1988இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 1,523 பெண்கள். ஒரே மருந்து, ஒரே அளவு. பாதிப் பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன், பாதிப் பேருக்குப் பின்.

முடிவு என்ன? உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை. ஆனால் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கக்கூடியதாக இருந்தவர்கள், மருந்து முதலில் பெற்ற 100 பேரில் ஏறக்குறைய 68. மற்றப் பக்கத்தில் 60.

2018இல் இப்படியான பத்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 4,756 பெண்களின் விபரங்களைப் பார்த்தார்கள். 15 வருடங்களில் இந்நோயால் இறந்தவர்கள் மருந்து முதலில் பெற்றவர்களில் நூற்றுக்கு 34.4, பிறகு பெற்றவர்களில் 33.7. நடைமுறையில் சமம். இவர்கள் 1983க்கும் 2002க்கும் இடையில் சேர்ந்தவர்கள், பழைய மருந்துகளின் காலத்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய நிலைமை இதைவிட நல்லது.

கணக்காளன் மொழியில் சொன்னால், கூட்டல் கணக்கில் எந்த இலக்கத்தை மேலே எழுதினாலும் மொத்தம் ஒன்றுதான். "மருந்து முதல் என்றால் கைவிட்டுவிட்டார்கள்" என்பதும் பிழை. "கத்தி முதல் என்றால் பரவும்" என்பதும் பிழை.

அப்படியானால் வரிசையைப் பற்றி ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? வருட முடிவில் மட்டும் கணக்குப் பார்க்கும் கடைக்காரருக்கும், ஆறு மாதத்தில் ஒரு தடவை இடைக்கணக்குப் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். முதலில் கட்டியை எடுத்துவிட்டால், பிறகு கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. கட்டி இருக்கும்போதே மருந்து கொடுத்தால் அது சுருங்குகிறதா என்று கண்ணால் காணலாம். சத்திரசிகிச்சையின் பின் எவ்வளவு மிஞ்சியது என்று அளக்கலாம். அந்த அளவை வைத்து அடுத்த மருந்தை மாற்றலாம்.

இது வெறும் பேச்சு அல்ல. ஹேர்-2 வகையில், முதலில் மருந்து கொடுத்தும் கொஞ்சம் நோய் மிஞ்சிய 1,486 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018 டிசெம்பரில் முடிவு வந்தது. பழைய மருந்தான ஹெர்செப்டினையே தொடர்ந்தவர்களில் மூன்று வருடத்தின் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 77. கட்சைலா என்ற மருந்துக்கு மாற்றப்பட்டவர்களில் 88. இடைக்கணக்குப் பார்த்ததால் கிடைத்த இலாபம் அது. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்ற வகையிலும் பலருக்கு இன்று இதே வரிசைதான். சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கும் நோயெதிர்ப்பு மருந்து ஒன்று 2022 டிசெம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவைக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் எல்லோருக்கும் மருந்துதான் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டி சிறியது, கணுக்களில் நோய் இல்லை, ஹோர்மோனுக்கு இசையும் வகை என்றால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் முதலில். எடுத்த கட்டியைப் பரிசோதித்த பின், கீமோதெரப்பியே தேவையில்லை என்று வரவும் கூடும். அங்கே மருந்தை முந்திக் கொடுப்பதுதான் நட்டம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதலில் வெட்டினார்கள் என்பதால் உங்கள் அக்காவுக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்றில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இரண்டாவது சந்திப்பில் தொலைபேசியில் ஒரு பெண்மணி நிதானமான தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னார். அக்கா கலங்கவில்லை. "அது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார். பிறகு நான் யோசித்தே இராத கேள்விகளைக் கேட்டார். "மருந்து வேலை செய்யுதோ எண்டு எப்பிடிப் பாப்பியள்? வேலை செய்யாட்டி என்ன செய்வியள்?" இடையில் ஸ்கான் எடுப்போம், கட்டி வளர்ந்தால் காத்திருக்காமல் திட்டத்தை மாற்றுவோம், சத்திரசிகிச்சையை முன்னுக்குக் கொண்டு வரலாம் என்று பதில் வந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மருந்து முதல்லை" என்றார். முடிவு அவருடையது.

தொடங்குமுன் இருதயத்தை ஸ்கான் பண்ணினார்கள். ஹேர்-2 மருந்து இருதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால். கட்டிக்குள் எள்ளளவில் ஓர் உலோக அடையாளமும் வைத்தார்கள். கட்டி கரைந்து போனாலும் எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிய வேண்டுமாம். அதைக் கேட்டபோதுதான் அக்கா முதன்முறையாகச் சிரித்தார். "கரையும் எண்டு நம்பித்தானே வைக்கினம்."

தலைமயிர் போனது, வாய் புண்ணானது, நாக்குக்குச் சோறு பிடிக்கவில்லை. நான்காவது ஊசிக்குப் பிறகு கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. அப்போது புதுக் கேள்வி வந்தது, இந்தத் தடவை அக்காவிடம் இருந்தே. "அதுதான் கரைஞ்சு போச்சே, இனி ஏன் வெட்டுவான்?"

இதை நேயர்கள் கவனமாகக் கேளுங்கள். கைக்கும் ஸ்கானுக்கும் தெரியாத மிச்சம் உள்ளே இருக்கலாம். நான் முன்பு சொன்ன பத்து ஆய்வுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. மார்பிலோ அதன் அருகிலோ நோய் திரும்பியது, மருந்து முதலில் பெற்றவர்களில் நூற்றுக்கு 21.4, பிறகு பெற்றவர்களில் 15.9. மருந்துக்குப் பின் மார்பைக் கூடுதலாக மிச்சம் பிடித்ததும், கட்டி மறைந்த சிலருக்குச் சத்திரசிகிச்சையையே விட்டுவிட்டதும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. மருந்து முதல் என்றால் மருந்து மட்டும் என்று பொருளல்ல. தாதி இதை விளக்கினார். அக்கா சம்மதித்தார்.

2023 மார்ச்சில் சத்திரசிகிச்சை. மார்பை எடுக்கவில்லை, அடையாளம் வைத்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். கணுக்களில் நோய் இல்லை. ஆனால் மார்பில் 4 மில்லிமீற்றர் மிஞ்சியிருந்தது. "முழுக்கப் போகேல்லையாம்" என்று அக்கா அழுதார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து இடைக்கணக்கின் கதையைச் சொன்னேன். அந்த 4 மில்லிமீற்றர் தெரிந்ததால்தான் மருந்து மாறியது. கதிர்வீச்சுச் சிகிச்சையும், 14 தடவை கட்சைலாவும் கொடுத்தார்கள். 2024 தொடக்கத்தில் முடிந்தது. இப்போது வருடம் ஒரு தடவை மமோகிராம். வீட்டுக்குப் பின்னால் வெந்தயக்கீரை போட்டிருக்கிறார். அதற்கு மேல் ஆருடம் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால், ஐந்து கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். இது எந்த வகைப் புற்றுநோய், கணுவில் இருக்கிறதா? எந்த வரிசையைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன்? மற்ற வரிசையில் செய்தால் எதை இழப்போம்? மருந்து வேலை செய்கிறதா என்று எப்போது, எப்படிப் பார்ப்பீர்கள்? மிஞ்சினால் அடுத்தது என்ன?

இன்னும் இரண்டு விடயம். இங்கிலாந்தில் 50 வயதில் இருந்து 71ஆவது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மமோகிராமுக்கு அழைப்பு வரும். அக்காவுக்கு வந்த கடைசிக் கடிதம் உறை பிரிக்காமல் லாச்சிக்குள் கிடந்தது. இன்றிரவு உங்கள் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள்.

மற்றது, பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் காசில்லை. கேட்டு வாங்குங்கள். தம்பியாரையோ, பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையையோ அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். நாங்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக் கொண்டு இருப்பதற்கு மட்டும் போவோம்.

மீண்டும் அடுத்த மாதம் வரிப் படிவத்தோடு சந்திக்கிறேன்.