மாயாவின் முகங்கள்



பதினான்கு நிமிடங்கள் மாத்திரம் ஓடும் ஒரு படத்தைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். 'பிற்பகலின் வலைப்பின்னல்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1943இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மாயா டெரன் என்ற பெண்மணியும் அவருடைய கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டும் தமது வீட்டையே களமாகக் கொண்டு எடுத்தது. உரையாடல் கிடையாது. இப்போது கேட்கும் இசைகூட 1959இல் டெய்ஜி இட்டோ அமைத்துச் சேர்த்ததே.

ஒருத்தி தெருவிலே கிடக்கும் பூவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். திறப்பு கைதவறிப் படிகளில் விழுகிறது. மேசையில் பாணும் கத்தியும். கதிரையில் சாய்ந்து கண்ணயர்கிறாள். பிறகு அதே வருகை மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. கறுப்பு அங்கி போர்த்த உருவமொன்று முன்னே போகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி. துரத்துகிறவளால் எட்ட முடிவதில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தியாக அவளே உள்ளே வர, ஈற்றில் மூவர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். மூன்றாமவள் கையில் திறப்பு கத்தியாகிறது. உறங்குபவளை நோக்கி அவள் எடுத்துவைக்கும் சில எட்டுகளில் கடல்மணலும் புல்லும் நடைபாதையும் வீட்டுக் கம்பளமும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. படத்தின் உச்சம் அதுவே என்பேன்.

இதைப் பார்த்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், இவர்களில் உண்மையானவள் யார்?" என்று கேட்டாள். "உறங்குகிறவள்தான் பிள்ளை, மற்றதெல்லாம் கனவு" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது பிழையென்பது வீட்டுக்கு வந்த பின்னரே உறைத்தது. முடிவில் கணவன் வந்து பார்க்கும்போது, கண்ணாடித் துண்டுகளும் கடற்பாசியும் மேலே கிடக்க, அவள் கதிரையில் இறந்து கிடக்கிறாள். கனவு வெறும் பொய்யானால் அவள் இறந்தது எப்படி?

கனவென்றதும் ஃபிராய்டைத் துணைக்கழைப்பதையும், சர்ரியலிசம் என்று முத்திரை குத்துவதையும் டெரனே விரும்பவில்லை. எனக்கோ அவருடைய பெயரே வழிகாட்டியது. 1917இல் கீவ் நகரில் எலியனோரா டெரன்கோவ்ஸ்கியாகப் பிறந்தவர், இப்படம் வந்த 1943இலேதான் மாயாவானார். செக் நாட்டவரான கணவரும் ஹக்கன்ஷ்மிட் என்ற பெயரை ஹமிட் ஆக்கிக்கொண்டவர். ஆக, படத்தை எடுத்த இருவருமே பழைய பெயரைக் கழற்றி வைத்தவர்கள்!

மாயை என்றால் பொய்த்தோற்றம் என்று வேதாந்தி கூறுவார். என் விடையும் அந்த வழிப்பட்டதே. சைவசித்தாந்தமோ மாயையை உள்பொருள் என்கிறது. உலகுக்கு முதற்காரணம் அது. பானைக்கு மண் போல. டெரன் சித்தாந்தம் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய படத்திலே தோற்றங்களுக்குக் கை இருக்கிறது, கையிலே கத்தி இருக்கிறது, அது வெட்டுகிறது.

அடுத்த பாடவேளையில் என் விடையைத் திருத்தினேன். "அப்ப, மேசையிலிருந்த மூன்று பேரும் உண்மையா, சேர்?" என்றாள் அந்தப் பிள்ளை.

"கதிரையில் இருப்பவளையும் சேர், நாலு பேர்" என்றேன்.