மாணவர்களுக்கு வீடு இல்லை என்று எழுதலாமா?

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், வாடகை வீடுகள் குறித்த தீர்மானத்தின் மீது மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பேசிய வாய், பத்து நிமிடத்தில் நிற்குமா என்று தெரியவில்லை. செயலாளர் மணி அடித்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

தீர்மானம் ஒரே வரிதான். நம் சங்க எல்லைக்குள் உள்ள வீடுகளை மாணவர்களுக்கும் மணமாகாத ஆண்களுக்கும் வாடகைக்கு விடுவதில்லை. கையெழுத்துத் தாள் ஏற்கெனவே மூன்று தெருவைச் சுற்றி வந்துவிட்டது. என் வீட்டுக்கும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று நாலு பேர் கேட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தாளை எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியில் பாட்டு. வாசல் கேட்டை மறித்து ஆறு பைக். மாத்திரை போட்டுத் தூங்குகிற எண்பது வயது ஆச்சி ஒருவர், தனியாக இருக்கிறவர், எழுந்து வந்து "தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாளும் அதே கதை. மூன்றாவது தெரு முனையில் காலி பாட்டில் கிடந்ததை நானே பார்த்தேன். இதையெல்லாம் "சின்னப் பிள்ளைகள்தானே" என்று தள்ளிவிடச் சொல்லி நான் வரவில்லை.

ஆனால் நாம் குடியிருக்கிற இந்த இடம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லுக்கட்டியும் செக்காலை ரோடும் கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களும் வணிகத்தால் வந்தவை. நம் பக்கம் அப்படி வரவில்லை. நம் பக்கம் கல்லூரியால் வந்தது. 1947இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். அந்தக் கூட்டத்திலேயே அழகப்பச் செட்டியார் எழுந்து ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. கட்டடம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அடுத்த வருடம், 1948 ஜூலை 25, நேரு வந்து சிக்ரிக்கு அடிக்கல் நாட்டினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பர் கொடுத்தது. 1953 பொங்கல் சமயம், ஜனவரி 14, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்தக் காலத்துப் 15 லட்சம் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கொடுத்தவர் 1957 ஏப்ரல் 5 காலமானார். மறுநாள்தான் அவருக்கு 48 நிறைந்திருக்கும். பிறகு 1985இல் பல்கலைக்கழகமும் வந்தது.

கல்லூரி வந்ததும் பேராசிரியர்கள் வந்தார்கள். சிக்ரி வந்ததும் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்தார்கள். குமாஸ்தாக்கள், சோதனைக்கூட உதவியாளர்கள், மெஸ் வைத்தவர்கள், சைக்கிள் கடை வைத்தவர்கள் வந்தார்கள். அவர்களெல்லாம் இருக்க இடம் வேண்டுமே? அப்படித்தான் ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவே மனை விழுந்தது, தெரு விழுந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சம்பளத்துக்கு வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். நானும்தான். என் வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது, இந்தப் பகுதியில் ஒரு முன்கட்டு அறையில்தான் குடியிருந்தோம். வீட்டுக்கார ஆச்சி, "எத்தனை பேரு? எந்த ஊரு?" என்று இரண்டு கேள்விதான் கேட்டார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் போய்விட்டார்கள். பெரியவர்கள் காலமானார்கள். வீடு நிற்கிறது. உள் ஊரில் வளவு வீடுகள் என்றால் வேறு சிக்கல்: ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, முப்பது புள்ளி பங்கு. ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதனால் பூட்டிக் கிடக்கிறது, இல்லையென்றால் தேக்குத் தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்கு வந்துவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இலேயே சேர்த்தாகிவிட்டது. பட்டியல் பாட்டுக்கு இருக்கிறது, தூண் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

நம் பக்கத்து வீடுகள் சின்னவை, ஒருவர் பெயரில் இருப்பவை. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர் புரோக்கரிடம் சாவியைக் கொடுக்கிறார். குடும்பத்துக்கு விட்டால் ஒரு வாடகை. தலைக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு விட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு வரும். ஹாலில் தடுப்பு வைத்து ஆறு கட்டில். மாடியில் தகரக் கூரை போட்டு இன்னும் ஆறு. நாலு பேருக்குக் கட்டிய வீட்டில் பதினாறு பேர்.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்குத் தண்ணீர்த் திட்டம் போடும்போது, தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். நாலு பேருக்கு 540 லிட்டர். பதினாறு பேருக்கு 2,160 லிட்டர். பிள்ளைகள் சிக்கனமாகக் குளிக்கிறார்கள் என்று பாதியாக வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் வருகிறது. செப்டிக் டேங்க் என்பது கழிவுநீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தி வைக்கிற தொட்டி. நின்றால்தான் கசடு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் வெளியே போகும். இரண்டு மடங்கு, நாலு மடங்கு தண்ணீர் உள்ளே தள்ளினால் கசடு படிய நேரமில்லை. அது அப்படியே வெளியே வருகிறது. போன ஐப்பசி மழையில் எந்த வீட்டுச் சுவர் ஓரம் என்ன ஓடியது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சாக்கடைக்குக் காரணம் பதினாறு பேரின் வயதா? பதினாறு பேர் கொண்ட ஒரு குடும்பம் அங்கே இருந்தாலும் இதே கதிதான். அங்கே குடும்பம் இருந்தால் நாம் யாரைக் கேட்போம்? வீட்டுக்காரரைக் கேட்போம். மாணவர்கள் இருப்பதால் மாணவர்களைத் திட்டுகிறோம். வீட்டுக்காரர் பெயரை யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அவர் நமக்குத் தெரிந்தவர், கல்யாணத்துக்கு வந்தவர்.

தண்ணீரும் அப்படித்தான். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் இது. அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே வெளியூர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். இன்று நம் தெருவில் வீட்டுக்கு ஒரு போர். மழைநீர்ச் சேகரிப்புக் குழி 2003இல் கட்டாயம் என்றபோது எல்லோரும் போட்டோம். இன்றைக்கு எத்தனை பேர் வீட்டில் அது மண் மூடாமல் இருக்கிறது? பதில் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

சரி, பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு "தனி ஆண்களுக்கு இடமில்லை" என்று எழுதுவது எனக்கு விநோதமாக இருக்கிறது. இந்த ஊரின் மாளிகை எல்லாம் யார் சம்பாத்தியத்தில் எழுந்தது? மீசை முளைக்கும் வயதில் கப்பலேறிய பையன்கள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று இருந்தது. நீளமான ஒரு கூடம். பகலில் ஆளுக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, அதுதான் கடை. ராத்திரி அதே தரையில் பாய். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையல்காரர். ஏஜெண்டாகப் போனவர்களுக்கு மூன்று வருடக் கணக்கு. அது முடிந்துதான் ஊர் திரும்பல். நம் பட்டப்படிப்பும் மூன்று வருடம்தான். அந்த ஊர்க்காரர்கள் "குடும்பத்தோடு வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் இங்கே ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு ஒன்றுகூட இருந்திருக்காது.

கிட்டங்கியில் பாட்டும் கூத்தும் இல்லையே என்று முதல் வரிசையில் ஓர் அண்ணன் முணுமுணுக்கிறார். சரிதான் அண்ணே. அங்கே ஒழுங்கு இருந்தது. யார் எந்த இடம், யார் எந்தச் செலவுக்குப் பொறுப்பு, மூத்தவர் யார் என்று எல்லாம் தெரிந்திருந்தது. நம் தெருவில் இல்லாதது அதுதான். பதினாறு பேர் இருக்கிற வீட்டில், குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தப் பதினாறு பேருக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கடமான விஷயம், ஆனால் இந்தக் கூடத்தில் சொல்லாமல் எங்கே சொல்வது? அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லை சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டம். மழையை நம்பி விதைக்கிற சீமை. அங்கிருந்து வரும் பிள்ளைகளில் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள் எத்தனையோ பேர். போன வருடம் ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஆராய்ச்சி படிப்பவள், என் மாடிக்கு இடம் கேட்டு வந்தாள். அதற்கு முன் நம் பகுதியில் ஐந்து வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்களாம். சொன்னாளாம். அடுத்து, "நீங்க என்ன ஆளுங்க?" அதையும் சொன்னாளாம். பிறகு ஐந்து வீட்டிலும் ஒரே பதில், "நாங்க ஸ்டூடண்ட்ஸுக்கு விடுறதில்லைம்மா." அந்த ஐந்தில் இரண்டு வீட்டில் அப்போதே மாணவிகள் இருந்தார்கள். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் அந்தப் பதிலுக்குச் சங்கத்தின் முத்திரையும் கிடைத்துவிடும். எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். பயன்படுத்துகிறவர்களுக்கு இருக்கும்.

அந்தப் பெண் இப்போது என் மாடியில் இருக்கிறாள். என் பிரஷர் மாத்திரைக்கு அலாரம் வைத்திருப்பது அவள்தான். என் மகன் பெங்களூரில் நாலு பேரோடு ஓர் அறையில் பல வருடம் இருந்தவன். அங்கே ஒரு சங்கம் அவனைப் பற்றி என்ன தீர்மானம் போட்டதோ!

ஆக, நான் கேட்பது இது. இந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடும் ஒரு தாளை வைப்போம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. நம் பகுதியில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? பெண்கள் விடுதி நடத்துகிறவர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். வீடு என்று சொல்லி விடுதி நடத்துகிறவரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லி முதலில் சங்கம் கடிதம் எழுதட்டும். காட்டாவிட்டால் மாநகராட்சிக்கும் கலெக்டருக்கும் எழுதலாம். நாம் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டோம், வரி ஏறும் என்ற பயம் மட்டும் போதாது, மனுக் கொடுக்கவும் பழக வேண்டும்.

வெளியூரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும், கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்கிற ஓர் உள்ளூர் ஆளின் பெயரையும் எண்ணையும் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். புரோக்கர் எண் செல்லாது. எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதையும், செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பத்து மணிக்கு மேல் மாடியில் சத்தம் கூடாது என்பதை எல்லா வீட்டுக்கும் பொதுவாக எழுதுவோம். பொது என்றால், சென்ற மாதம் காதுகுத்துக்கு விடிய விடிய ஸ்பீக்கர் வைத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். பெயர் சொல்லவில்லை, சிரிக்காதீர்கள்.

குடியிருக்கும் பிள்ளைகளில் வீட்டுக்கு ஒருவரைச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுவோம். ஓட்டு வேண்டாம், உட்காரட்டும். அந்த ஆச்சியைப் பார்க்கட்டும், யாருடைய தூக்கம் கெடுகிறது என்று தெரியட்டும்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். மாற்றுத் தீர்மானத்தின் நகல் இருபது பிரதி எடுத்து வந்திருக்கிறேன், பின்வரிசையில் தம்பியிடம் இருக்கிறது. ஜூனில் சேர்க்கை தொடங்கினால் புரோக்கர்கள் தெருவுக்குள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தாள் வீடு வீடாகப் போக வேண்டும். முதல் இரண்டு தெருவை நானே எடுத்துக்கொள்கிறேன், முழங்கால் ஒத்துழைத்தால் மூன்றாவதும். தலைவர் ஐயா இரண்டு தீர்மானத்தையும் ஓட்டுக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.