திரையில் ஏந்திய கிண்ணம்

சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் இலஞ்சியின் அந்திப்பொழுது மிக இனியது. குற்றால மலையின் முகட்டை மேகம் மூடிக்கொள்ளும். குமாரர் கோயில் மணியோசை ஈரக் காற்றில் மிதந்து வரும். அத்தகைய ஓர் அந்தியில், அருவியாட வந்திருந்த என் அத்தை மகன் கண்ணாடிக் கிண்ணமொன்றைக் கையிலேந்தி, "அத்தான், இதைக் குலுக்குவதற்கும் ஒரு தாளம் உண்டு, தெரியுமா?" என்று கேட்டான்.

அத்தாளத்தை அவன் கற்றது ஓர் அமெரிக்கப் படத்தில். 1934-இல் வெளிவந்த 'தி தின் மேன்' படத்தில் வில்லியம் பவல் துப்பறிவாளராக வருகிறார். மன்ஹாட்டனைப் பாக்ஸ்டிராட் நடனத்தின் தாளத்திலும், மார்ட்டினியை வால்ட்ஸ் தாளத்திலும் குலுக்க வேண்டுமென்று மதுக்கூடப் பணியாளருக்கு அவர் பாடம் நடத்துவார். மன்ஹாட்டன் என்பது விஸ்கியும் இனிப்பு வெர்மூத்தும் சில துளி கசப்புச் சாறும் சேர்ந்தது. மார்ட்டினி என்பது ஜின்னும் இனிப்பற்ற வெர்மூத்தும் கூடியது. இத்தகைய கலவைகளையே காக்டெயில் என்கிறார்கள்.

அமெரிக்க நாட்டில் 1920 முதல் இருந்த மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. மறு ஆண்டே அப்படம் வந்தது. ஒளித்து வைத்திருந்த கிண்ணம் வெளிச்சத்துக்கு வந்த களிப்பு அதில் நன்கு புலப்படும். 1942-இல் எடுத்த 'காஸாபிளாங்கா'விலோ, நாடிழந்தோர் ஷாம்பேன் காக்டெயிலைக் கையில் வைத்துக்கொண்டு தம் விதியை எதிர்நோக்கியிருப்பர். ஆனால் படப்பிடிப்பில் இத்தகைய கிண்ணங்களில் பெரும்பாலும் இருப்பது ஆறிய தேநீரோ வெறுந்தண்ணீரோதான்!

பில்லி வைல்டர் என்னும் இயக்குநர் 1959-இல் 'சம் லைக் இட் ஹாட்' எடுத்தார். மதுவிலக்குக் காலத்து ரயில் வண்டியில், சுடுநீர்ப் பையில் மன்ஹாட்டன் கலக்கும் காட்சியைக் கண்டு சிரிக்காதார் இலர். அதே வைல்டர் 1945-இல் 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' என்றொரு படமும் எடுத்திருந்தார். குடிக்கு அடிமையான எழுத்தாளன் ஒருவன், தன் தட்டச்சுப் பொறியை அடகு வைக்க நியூயார்க் தெருக்களில் தள்ளாடி அலைகிறான். அன்று யூதரின் நோன்பு நாள். அடகுக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. அக்காட்சியில் சிரிப்புக்கு இடமில்லை.

நம் நாட்டிலும் இவ்வுண்மையைச் சொன்னவர் உண்டு. 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழைக் கல்கியின் துணையோடு நடத்திய ராஜாஜி, 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.க்கு இவ்விருவரும் நெருங்கிய நண்பர்கள். ராஜாஜியின் கதையொன்று, 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவின் இயக்கத்தில் 'திக்கற்ற பார்வதி' என்னும் படமாயிற்று. கணவன் குடிக்கத் தொடங்கியதும் ஒரு சிற்றூர்க் குடும்பம் எவ்வாறு சிதைகிறது என்பதே கதை. அங்கே தாளமும் இல்லை, வால்ட்ஸும் இல்லை.

என் அத்தை மகன் முதல்வகைப் படங்களையே கண்டான். சில ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள், அவன் மனைவி ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே என் அத்தையின் குத்துவிளக்கு இருந்தது. "அண்ணாச்சி, இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கிருந்தால் அடகுக்குப் போய்விடும்" என்றாள். அந்த அந்தியில் அவன் குலுக்கியபோது, சிரித்துக்கொண்டே திண்ணையில் விரலால் தாளம் போட்டவன் நான். அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பழைய படங்களைப் பார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் சுடுநீர்ப் பையைக் கண்டு சிரிக்கும் இளைஞர், தட்டச்சுப் பொறியைச் சுமந்து அலைந்தவனையும் ஒருமுறை காண வேண்டும். அவன் இப்போது குடியை விட்டிருக்கிறான். "இன்னும் ஓர் ஆண்டு போகட்டும், அண்ணாச்சி" என்கிறாள் அவள். விளக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.