அபராதம் கட்டிய பிறகும் பயிற்சி வகுப்பு எதற்கு?

(வாகன ஓட்டுநர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நடந்த கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் லோடு வண்டி ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் வந்தார். அதிவேகத்துக்காக அவருடைய லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தப்பட்டிருக்கிறது. "ஃபைன் கட்டியாச்சு ஹஜ்ரத். அப்புறம் எதுக்கு கிளாஸ்? போகாம இருக்க வழி சொல்லுங்க" என்று கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு, அதிவேகத்துக்கு இலகு ரக வாகனமானால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனமானால் 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் சொல்கிறது. இரண்டாம் முறை சிக்கினால் லைசென்ஸ் பறிமுதல். முதல் முறையிலேயே லைசென்ஸை வாங்கி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

அந்த அதிகாரி விளக்கம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. எனவே அழைப்பு வந்தால் தவறாமல் போய் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். முதல் குற்றத்துக்கு மூன்று மாத நிறுத்தம். அடுத்த முறை லைசென்ஸே ரத்தாகலாம். நிறுத்தக் காலம் முடிந்தாலும், புத்தாக்கப் பயிற்சியை முடித்தவருக்குத்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்கிறது 19-வது பிரிவு. அபராதம் கட்டியதால் இந்தக் கடமை நீங்காது என்று 200-வது பிரிவிலும் எழுதியிருக்கிறது.

இங்கிலாந்தில் சிறிய அளவு வேக மீறலுக்கு, அபராதத்துக்குப் பதிலாக வகுப்புக்குப் போகும் வாய்ப்புத் தருகிறார்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்டவருக்கு நம் நாட்டில் அப்படித் தேர்வு கிடையாது, இரண்டும் உண்டு. நிறுத்தக் காலத்தில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அந்த நேரத்தில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுப் பணத்தை உங்களிடமே வசூலிக்க இன்சூரன்ஸ் கம்பெனி வழக்காடும்.

"இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கு என்ன பாடம்?" என்பார்கள். நம் சாலைகளைப் பாருங்கள். உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையை நான்கு வழியாக்கியபோது, ஊர்ப் புறவழிகளில் பலவற்றை இரு வழியாகவே விட்டார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் படுவதற்குள் அவ்வளவு தூரம் கடந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் மலைப்பாதையில் இறங்கும்போது, ஏறும்போது போட்ட அதே தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகிய ஏற்றத்தில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்களும் அவசரத்தில் மறப்பதால்தான் மறுபடி உட்கார வைக்கிறார்கள்.

இனி அறக்கட்டளையின் முடிவு. அபராதத் தொகையை நமது நிதியிலிருந்து தர மாட்டோம். வகுப்புக்குப் போகாமல் சான்றிதழ் வாங்க எவரிடமும் பரிந்து பேசவும் மாட்டோம். ஆனால் மூன்று மாதம் வருமானம் நின்றால் பட்டினி கிடப்பது பிள்ளைகள். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு மாதாந்திர மளிகையும், ஓட்டுநருக்குப் பயிற்சிக் கட்டணமும் தருவோம். லோடு ஏற்றி இறக்குவது, கடை வேலை என்று மாற்று வேலைக்கும் நம் வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

வண்டி முதலாளிகளே, இத்தனை மணிக்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்று போனில் விரட்டாதீர்கள். அந்த அவசரத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஓட்டுநரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் நம்மிடம் உள்ள அமானத்.

லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர்கள் உத்தரவின் நகலோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். வகுப்பில் சேர விண்ணப்பம் எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.