ஓடுவதும் ஓட்டுவதும்: ‘ரன்’ என்னும் ஆங்கில வினைச்சொல்



ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆகிய சிறு வினைச்சொல் ‘ரன்’. தொடக்கப்பள்ளி மாணவனைக் கேட்டாலும் ‘ஓடு’ என்று உடனே பொருள் கூறிவிடுவான். ஆயினும் அகராதி வல்லுநரை அச்சொல் படுத்திய பாடு சிறிதன்று. 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றது ‘செட்’ என்னும் வினைச்சொல். அதற்கு 430 பொருள்கள். விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதனை விஞ்சியது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலார் இவ்வொரு சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் உழைத்து, வினை வடிவிற்கு மட்டும் 645 பொருள்களை வகுத்தார். இச்செய்தி 2011இல் வெளியாயிற்று.

இத்துணைப் பொருள்களையும் தமிழில் ஒரே ‘ஓடு’ தாங்குமா? ஓரளவு தாங்கும். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. இவ்விடங்களில் இரு மொழிகளும் ஒரே தடத்தில் செல்கின்றன. மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுவதும் இவ்வொற்றுமையே. ஆங்கிலத்தில் மூக்கு ‘ஓடும்’, தமிழில் ஒழுகும். அங்கே சாயம் ‘ஓடும்’. இங்கே சாயம் போகும். கன்னத்தில் கண்ணீர் அங்கே ‘ஓட’, இங்கே வழியும். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’. பிரித்தானிய வழக்கிலோ அவர் ‘நிற்கிறார்’. தமிழ்நாட்டு வேட்பாளரும் நிற்கவே செய்கிறார்.

இவை வழக்கறிந்தோர் எளிதில் திருத்திக்கொள்ளும் பிழைகள். இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. ‘குதிரை ஓடியது’ என்பதற்கும் ‘குதிரையை ஓட்டினான்’ என்பதற்கும் ஆங்கிலம் ஒரே வினைவடிவைக் கையாளும். தமிழ் அவ்வாறு விடுவதில்லை. தானே நிகழ்வது தன்வினை. பிறரால் நிகழ்த்தப்படுவது பிறவினை. ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு, திருந்து–திருத்து எனச் சொல்லின் உருவிலேயே அவ்வேறுபாடு பதிந்துள்ளது.

ஆங்கிலத்திலும் பண்டு இத்தகைய இணை இருந்தது என்பது வியப்புக்குரியது. பழைய ஆங்கிலத்தில் ஓடுதலையும் ஒழுகுதலையும் குறிக்க ‘ரின்னன்’ என்ற வினை இருந்தது. குதிரையை ஓட்டிச் செல்லுதல் முதலியவற்றைக் குறிக்க ‘ஏர்னன்’ என்ற வேறொரு வினை இருந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாய்க் கலந்தன. அக்கலப்பின் வழி வந்ததே இன்றைய ‘ரன்’. ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே உருவில் அடங்க, வேறுபாட்டை உணர்த்தும் பொறுப்பு வாக்கிய அமைப்பைச் சேர்ந்தது.

ஆங்கிலம் இழந்த அவ்வேறுபாட்டைத் தமிழர் நாவு மீட்டெடுத்திருப்பதையும் காணலாம். கணிப்பொறி பயில்வோர் பேச்சில் ‘புரோகிராம் ரன் ஆகிறது’ என்பது ஒன்று. ‘புரோகிராமை ரன் பண்ணு’ என்பது மற்றொன்று. சொல் கடனாக வந்தது, இலக்கணம் தமிழுடையது. ‘ஆகு’, ‘பண்ணு’ என்னும் இரு துணைகளைச் சேர்த்துத் தன்வினையையும் பிறவினையையும் இலக்கண நூல் கல்லாதாரும் பிரித்துவிடுகின்றனர். கலப்புமொழி என்று இதனை இகழ்வோர் உளர். இகழ்ச்சிக்கு இடமிருப்பினும், அதனுள் உயிர்த்திருக்கும் தமிழ் இலக்கணம் போற்றத்தக்கது.

கவிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதனால் வரும் பொறுப்பு யாது? ஓர் ஆங்கிலக் கதையில் ஒரு பெண் தன் வீட்டை ‘ரன்’ செய்கிறாள் என்று வருவதாகக் கொள்வோம். ‘வீட்டை நிர்வகிக்கிறாள்’ என்றால் அலுவலக வாடை வீசும். ‘வீட்டை ஆள்கிறாள்’ என்றால் அதிகாரம் முன்னிற்கும். ‘குடும்பத்தை நடத்துகிறாள்’ என்பது இயல்பான நிலை. ‘குடும்பத்தை ஓட்டுகிறாள்’ என்றாலோ பற்றாக்குறை தெரிகிறது. மாதக் கடைசி தெரிகிறது. கடன் கேட்கத் தயங்கி அண்டை வீட்டு வாசலில் நிற்கும் கால்கள் தெரிகின்றன. காலத்தை ஓட்டுவது என்று தமிழர் கூறுவதும் இப்பொருளிலேயே.

ஆங்கில ஆசிரியர் அவ்வொரு சொல்லால் இவற்றுள் எதனையும் வெளிப்படையாகக் கூறவில்லை. கூற வேண்டிய கட்டாயமும் அவர்க்கில்லை. தமிழில் எழுதுபவரோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அகராதி நான்கு சொற்களையும் வரிசையாகக் காட்டும். இப்பெண்ணுக்குரியது எது என்று காட்டாது. கதை முழுவதையும் படித்து, அவள் அடுப்படியையும் கைப்பையையும் மனக்கண்ணால் கண்டவரே அதனை அறிவர். ஆராயாது எழுதினால் இல்லாத வறுமை ஒருத்தி மீது ஏற்றப்படும்; அல்லது இருக்கும் வறுமை மறைக்கப்படும். இரண்டும் அவளுக்கு இழைக்கும் அநீதியே.

அரிய சொற்களுக்கு அகராதியைத் தேடுவோர் பலர். எளிய சொற்களுக்குத் தேடுவோர் சிலரே. 645 பொருள்கள் மறைந்திருப்பது எளிய சொல்லில்தான். இவ்வட்டத்துக் கவிஞர்கள் பிறமொழிக் கவிதைகளைத் தமிழுக்குக் கொணரும்போது ‘ஓடு’, ‘நில்’, ‘கொடு’, ‘எடு’ போன்ற சின்னஞ்சிறு வினைகளுக்கு முன் சற்றே நின்று, செய்பவர் யார், செய்விப்பவர் யார், சுமப்பவர் யார் என்று வினவுவார்களாயின், அவர்தம் ஆக்கங்கள் மூலத்திற்கும் உண்மையாகும், தமிழுக்கும் ஆக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க இலக்கிய வட்டம்!