மழலையர் உடல்வளர்ச்சி: வீட்டிலும் பள்ளியிலும்

 

குழந்தையின் உடல் படிப்படியாக வளர்வதைக் கூர்ந்து நோக்கி, அதையே நூலின் அமைப்பாக்கிக்கொண்ட இலக்கிய வகை நம்மிடம் உண்டு. அதுவே பிள்ளைத்தமிழ். ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டித் தலைநிமிர்ந்து அசைகிறது. ஒன்பதாம் மாதம் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது, அது சப்பாணி. வருகைப் பருவத்தில் தளர்நடை பயில்கிறது. பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். முதலில் கழுத்து, பிறகு முதுகு, அப்புறம் கால், அதன் பின்னரே கைத்திறன் என்னும் வரிசை இதில் அடங்கியிருக்கிறது. பத்துப் பருவங்களுள் ஒன்றிலேனும் எழுத்தாணி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வரிசையில் அவசரம் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டின்படி, நலமான குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 17 மாதங்களுக்குச் சற்று மேல் வரை விரிந்து கிடக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதம் நடந்துவிட்டது என்பதற்காக நம் வீட்டில் கவலைப்பட வேண்டியதில்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரைக் காண்பதில் தயக்கமும் வேண்டியதில்லை.

இங்கே நடைவண்டியைப் பற்றி ஒரு சொல். தச்சர் செய்து தந்த மூன்று சக்கர மரவண்டியைக் குழந்தை தானே எழுந்து, பிடித்துத் தள்ளிச் சென்றது. இப்போது கடைகளில் விற்கும் வட்டமான வாக்கரில் குழந்தை உட்கார்ந்தபடியே காலால் உந்திச் செல்கிறது. தன் எடையைத் தான் தாங்கும் பயிற்சி அதில் இல்லை. படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து மட்டும் உண்டு. கனடா நாடு 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நாமோ முதல் பிறந்தநாள் வருவதற்கு முன்பே பரிசாக வாங்கித் தருகிறோம்!

நான் முதன்மையாகச் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பே. ஒவ்வொன்றாக இறுகிவர ஆண்டுகள் பல ஆகின்றன. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதளவில் ஒரு வட்டத்தைப் பார்த்து வரைவர்; நான்கு வயதில் கூட்டல் குறி; முக்கோணம் ஐந்தை ஒட்டித்தான் கைவரும். வட்டமும் வளைவும் குறுக்குக்கோடும் ஒருங்கே கொண்ட 'அ'கரத்தை மூன்றரை வயதுப் பிள்ளை இரண்டு பக்கம் எழுதி வரவேண்டும் என்பது என்ன நீதி?

என் பேத்திக்கு இது நேர்ந்தது. நாலரை வயது. "கவனமில்லை, மிகவும் மெதுவாக எழுதுகிறாள்" என்று குறிப்பேட்டில் நாள்தோறும் சிவப்பு மையில் வரும். சில வாரங்களில் காலையில் எழுந்ததுமே வயிறு வலிக்கிறது என்று அழத் தொடங்கினாள். மருத்துவர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். என் மகள் இருமுறை பள்ளிக்குச் சென்று பேசி, வீட்டு எழுத்துப் பாடத்தை நிறுத்தச் செய்தாள். அதற்கு ஈடாகச் சப்பாத்தி மாவு பிசைவதும், மொச்சை உரிப்பதும், பூக்கட்ட நூலை முடிவதும், பல்லாங்குழியில் சோழி இடுவதும் அவள் வேலையாயின. (மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் சோழி, புளியங்கொட்டை போன்றவற்றைத் தரலாகாது; வாயில் இட்டுக்கொள்ளும்.) மாலையில் பாண்டியாட்டம். ஓராண்டுக்குப் பின் தானே எழுதத் தொடங்கினாள். கையெழுத்து முத்துப்போல் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், வயிற்றுவலி போய்விட்டது.

நொண்டியடித்துக் கட்டம் தாண்டும் பாண்டியில் உடற்சமநிலை வளர்கிறது. கழங்கை மேலே வீசிப் பிடிப்பதில் கண்ணும் கையும் இணைகின்றன. மூன்று, நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலியக்கம் வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது என்பது அந்நிறுவனம் 2019இல் வகுத்த நெறி. இந்த மூன்று மணி நேரத்தைப் பள்ளியும் வீடும் பகிர்ந்துகொண்டால் எளிது. ஆனால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. திடலில் புதுக் கட்டடம் எழும்பும் பள்ளிகளும் உண்டு. முதலிரு வகுப்புகளின் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018இல் நடுவண் அரசு அறிவித்தது. வீட்டுத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள்.

உணவைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், பால் ஆகியவை நம் அடுக்களையில் உள்ளவையே. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுள்ள இல்லங்களில் பிள்ளைகள் விரைவாக உறங்கச் செல்வது எளிது. மூன்று, நான்கு வயதில் பகலுறக்கமும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும்.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் பள்ளிக்குச் செல்லும் இளம் பெற்றோர்கள் கட்டணத்தையும் ஆங்கிலத்தையும் மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். என் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் மண்ணில் நிற்கும், ஏறிக் குதிக்க என்ன இருக்கிறது, எந்த வயதில் எழுதுகோலைக் கையில் தருவீர்கள் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கினால், திடலைக் காட்டச் சொல்லுங்கள்.